மணி அடித்தால் எந்தப் பக்கம்?

"இந்த வீட்டுல தீப்பிடிச்சா நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க, டீச்சர்?"

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதற்கு முன் வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். நீங்கள் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவின் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். ஒட்டடையைத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் நின்ற என் சித்தி கலங்கிப்போனார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி.

நான் யோசிக்கவே இல்லை. "அடுப்படிக்கு. அங்கதான் தண்ணிக் கொடம் இருக்கு" என்றேன்.

"தப்பு" என்றீர்கள்.

கேள்வியை மெதுவாகத்தான் கேட்டீர்கள். தப்பு என்றது மட்டும் வெளியே வரை கேட்டது. சம்பந்தம் முறிந்துவிட்டது என்று முடிவுகட்டிய சித்தி, பலகாரத் தட்டுகளை உள்ளே எடுக்கத் தொடங்கிவிட்டார். நீங்களோ ஒன்றும் நடக்காத மாதிரி இன்னொரு கரண்டி கேசரி கேட்டீர்கள். அப்போதுதான் எனக்கு உங்களைப் பிடித்தது.

அந்தக் கேள்வி இந்த வாரம் மறுபடியும் நினைவுக்கு வந்ததற்கு ஒரு பல்லி காரணம். பல்லி என்று சொன்னது பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா. திங்கட்கிழமையிலிருந்து நம் அடுப்படியில் 'கீச்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். நாம் மறந்துபோகும் நேரம் பார்த்து மறுபடியும் 'கீச்' என்னும். கறிவேப்பிலை கேட்டு வந்த லெச்சுமி அக்கா, கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருக்கும் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த மாசத்துக்குள்ள வந்துருவா டீச்சரம்மா" என்று அவர் வாயை மூடவில்லை, 'கீச்' என்றது. "பாத்தீங்களா, பல்லி சொல்லிருச்சு" என்று சந்தோஷத்தோடு விரலால் சுவரைத் தட்டினார். பிறகு மகன் வெளிநாடு போவான் என்றார். அதற்கும் 'கீச்'. கொய்யா காய்க்கும் என்றார். அதற்கும் ஒரு 'கீச்'. தம் குடும்பத்துக்கு நடக்க வேண்டிய நல்ல காரியங்களை எல்லாம் நம் அடுப்படியில் நின்றே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கறிவேப்பிலையை மறந்துவிட்டார்.

அது புகை பட்டால் அலறுவதற்காக நீங்கள் கூரையில் மாட்டிவைத்த டிடெக்டர். பேட்டரி தீரப் போகிறது, மாற்று என்று கூப்பிடுகிறது. எனக்கு அது தெரிந்தும் அவரிடம் உடனே சொல்ல மனம் வரவில்லை. அவர் மகளின் வேலை விஷயம் அப்போது பாக்கி இருந்தது, பாவம்.

உங்கள் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தீயணைப்புப் படை என்று சிலர் நினைத்தார்கள். கரண்ட் வேலை என்று சிலர். "தீப்பிடிச்சா கத்துற மணிய, தீப்பிடிக்காத நேரத்துல கத்த வச்சுப் பாக்கிற வேலை" என்று நீங்கள் விளக்கியபோது, என் பெரியப்பா உண்மையான ஆச்சரியத்தோடு, "அதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று கேட்டார். நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சை இல்லாத நாளில் திடீரென்று வந்து கேள்வி கேட்கிற இன்ஸ்பெக்டர் ஐயா இருக்கிறாரே, மணிகளுக்கு அவர் அப்படி என்றேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் ரோட்டில் உங்கள் மோட்டார் சைக்கிளைக் கண்டாலே வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அந்த மோட்டார் சைக்கிளில் நீளக் கம்பு ஒன்று எப்போதும் கட்டியிருக்கும். கம்பின் நுனியில் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் புகை அடிக்கிற டப்பா. கூரையிலிருக்கும் டிடெக்டரைக் கிண்ணத்தால் மூடிப் புகை காட்டினால் அது அலற வேண்டும். அலறினால் பாஸ். கரவனெல்ல, நிவித்திகல என்று ஊர் ஊராக அந்தக் கம்போடு நீங்கள் சுற்றாத இடமில்லை. அதைக் கொக்கைத்தடி என்று நினைத்து ரம்புட்டான் பறித்துத் தரச் சொல்லி மறித்தவர்களும் உண்டு. மறுக்காமல் பறித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நம் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்ததால் நான் ஒன்றும் சொன்னதில்லை.

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார்கள். நீங்கள் பின்கதவைப் பார்ப்பீர்கள். அதன் குறுக்கே வாழைக்குலையோ சோடாப் பெட்டியோ இருந்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. நீங்களே தூக்கி நகர்த்தி வைப்பீர்கள். சமையல்காரரோடு வந்த ஆள் என்று நினைத்து உங்களிடம் அப்பளம் கேட்டவர்கள் எத்தனை பேர்.

நம் வீட்டில் உங்கள் எதிரி என் சீதன அலுமாரி. முன்கதவை ஒட்டி நின்றதால் கதவு பாதிதான் திறக்கும். அதை நகர்த்தச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டீர்கள். "வேற எங்கங்க வைக்க, ஒங்க தலையிலயா?" என்று நான் கேட்பேன். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் எடுத்து வெளியே போவீர்கள். வேண்டுமென்றேதான் செய்தீர்கள். உங்களுக்கு அவ்வளவு வயிறு கிடையாது.

அடுப்படிக் கூரையில் அந்த டிடெக்டரை மாட்டியதுகூட அலுமாரிக்குப் பழிவாங்கத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் கருவாடு பொரித்தால் அலறியது, மிளகாய் வறுத்தால் அலறியது. "நல்லா வேல செய்யுது டீச்சர்" என்று முகமெல்லாம் மலர்ந்து சொல்வீர்கள். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒருநாளும் உங்கள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

சரி, ஸ்டோர் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் தம்பி செல்வம் அங்கே கொழுந்து காய்கிற டிரையரில் வேலை செய்கிறான். ஒரு வருடம், தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஸ்டோரில் தீ மணி வேண்டும். மணி அடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக வெளியே வர வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து டெக்னீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் ஸ்டோரை மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டார். கொழுந்து லொறியில் போய்விடும். செல்வமும் அவனோடு வேலை செய்கிறவர்களும் எங்கே போவார்கள்?

மணியைச் சோதிக்க வரப்போவது நீங்கள் என்று தெரிந்ததும் தோட்டமே நிம்மதியாகிவிட்டது. "நம்ம மாப்பிள்ளதான" என்று கோயிலில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பொங்கல் இரண்டு தடவை கிடைத்தது.

நீங்கள் யட்டியாந்தோட்டை பசாரில் வளர்ந்தவர். எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? நேரம் தப்பி ஸ்டோரில் ஒரு சத்தம் கேட்டால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஓடி வா. மண் சரிந்தாலும் சரி, ஆறு பெருகினாலும் சரி, ஸ்டோர்ச் சங்கு ஊதும். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சனம் ஸ்டோருக்கு ஓடும். ஓடி வராத வீட்டை, அடுத்த நல்லது கெட்டதில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் மணியை அடித்தீர்கள்.

உள்ளே இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. செல்வம் டிரையரை விட்டு வரமாட்டேன் என்றான். "கொழுந்து உள்ள கெடக்கு மச்சான். விட்டுட்டு வந்தா தீஞ்சு போயிரும்."

"தீப்பிடிச்சிருச்சுன்னுதானடா மணியே அடிக்குது."

"அது நீங்க சும்மா அடிக்கிறதுதான?"

இதற்குள் மலையிலிருந்து கூடையோடு கொழுந்துக்காரிகள் இறங்கி வந்துவிட்டார்கள். லயங்களிலிருந்து குடம், வாளி, மண்வெட்டி, நனைத்த சாக்கு எல்லாம் வந்தன. கீழே, நாடு என்று நாங்கள் சொல்கிற கிராமத்திலிருந்து சிங்கள ஆட்கள் தண்ணீர் மோட்டாரையே தூக்கிக்கொண்டு, "கின்தர கொஹெத? கின்தர கொஹெத?" என்று தீயைத் தேடிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே கேட்டுக்குள் நுழைந்தார்கள். மணி அடிக்க முன் ஸ்டோரில் இருந்ததைவிட, அடித்த பின் அங்கே பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள்.

நீங்கள் கூட்டத்தைக் கவனிக்கவில்லை. மேல்மாடியில் கம்பைத் தூக்கிப் பிடித்து, அடுத்த டிடெக்டருக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தீர்கள். படியேறி வந்தவரின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது, புகை, புகைக்குக் கீழே ஒரு மனிதர். அவர் குடத்தை அப்படியே கவிழ்த்தார்.

அன்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே நல்ல வெயில். "மழையாங்க?" என்று கேட்டேன்.

"லெச்சுமி அக்கா" என்றீர்கள்.

மணி அடித்ததுதானே, அது போதும், கையெழுத்தைப் போடுங்கள் என்று துரை சொன்னார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். செல்வம் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் சோறு போட்டு வைத்தேன். தட்டை அவன் தொடவில்லை.

"மணி அடிச்சிச்சா இல்லையா, மச்சான்?"

"அடிச்சிச்சு."

"அப்பறம் என்ன, போடுங்களேன்."

"மணி பாஸுடா. நீங்கதான் பெயிலு."

செல்வம் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஸ்டோர மூடிட்டா நான் எங்க போவேன்? கொழும்புல கடையில போயி மூட்ட தூக்கவா?"

நான் தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளி வைத்தேன். நீங்கள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் போட்டுக் குடுத்து, ஒருநாள் நெசமாவே பத்திக்கிச்சுன்னா, இந்தச் சனம் பூராவும் உள்ளுக்குள்ள ஓடி வரும்டா. மொத ஆளா ஒங்க அக்கா கொடத்தோட வருவாங்க. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எனக்கு அது தெரிஞ்சு போச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குப் பொங்கல் கிடைக்கவில்லை. விபூதியும் கடைசியாகத்தான் வந்தது. தோட்டத்துப் பாதையில் எதிரே வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் துரையிடம் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினீர்கள். அதுவும் சரிவராவிட்டால் ஸ்டோரை மூடுவதுதான் என்று அவரும் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். மணி அடித்தால் வெளியே வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரட்டுக்களம் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிற இடம். தோட்டத்தில் தெரியாதவர் இல்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டம் முழுவதும் பெரட்டுக்களத்தில் நின்றது. பெண்கள் திருவிழாச் சீலை கட்டிப் பூ வைத்திருந்தார்கள். செல்வம் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் இருந்தான். ஸ்டோருக்குள் ஒரு பூனைகூட இல்லை. "நீங்க மணி அடிக்கிற வரைக்கும் காக்க வைக்கல பாத்தீங்களா" என்று பெருமையாகச் சொன்னான்.

"உள்ள ஆளிருந்தாத்தானடா வெளிய வர முடியும்" என்றீர்கள்.

லெச்சுமி அக்கா முன்வரிசையிலிருந்து, "தண்ணி கொண்டாரவா தம்பி?" என்று அன்பாகக் கேட்டார்.

எல்லோரையும் வேலைக்கு அனுப்பினீர்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, பேச்சுக்கள் அடங்கி, டிரையர் சூடேறிய பிறகு, யாரிடமும் சொல்லாமல் மணியை அடித்தீர்கள். அப்போது நானும் பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்திருந்தேன். திருவிழாச் சீலைகள் குடங்களோடு ஓடி வந்தன. மோட்டார் மறுபடியும் கீழேயிருந்து வந்தது. உள்ளே போகிறவர்களும் வெளியே வரப்பார்க்கிறவர்களும் கேட்டில் இறுகி நின்றார்கள். ஒருவரும் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஸ்டோர் மூடிவிட்டது என்றுதான் அதில் எழுதியிருந்தது.

அந்த நெரிசலில் ஒரு வாளி போய்ப் பெரிய கங்காணியின் முழங்காலில் இடித்தது. தோட்டத்து ஆட்களை மேய்த்து வேலை வாங்கியவர், வேலையை விட்டு நின்று எத்தனையோ வருடமான மனிதர். ஆனால் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு வந்த கோபத்தில் தடியை ஊன்றிக்கொண்டு திரும்பி, நொண்டி நொண்டிப் பெரட்டுக்களத்துக்குப் போய், தாம் வழக்கமாக நிற்கிற கல்லின்மேல் ஏறி நின்றார். கூட்டம் இப்படிக் கலைந்து நிற்பதைக் கண்டால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் செய்யத் தெரியும். அதைச் செய்தார்.

"கருப்பாயி!"

கேட்டின் நடுவிலிருந்து, "இருக்கேன் கங்காணி" என்று ஒரு குரல். கருப்பாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"ராமாயி! தங்கவேலு! செவனம்மா!"

தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் 'பேரு' என்றுதான் சொல்வார்கள். காலையில் கங்காணி கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பேரு விழாது, பேரு விழாவிட்டால் சம்பளம் விழாது. பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. தீயா தண்ணீரா என்று யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொருவராக இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்றார்கள். கேட்டின் நெரிசல் நூல் பிரிகிற மாதிரிப் பிரிந்தது. உள்ளே இருந்தவர்களும் வந்தார்கள். "செல்வம்!" என்றதும் என் தம்பி கொழுந்தை விட்டுவிட்டு ஓடி வந்தான். ஓடி வந்து நின்ற பிறகுதான் டிரையர் அவனுக்கு நினைவு வந்தது. மோட்டார் கொண்டுவந்த சிங்கள ஆட்களும் கடைசி வரிசையில் நின்று, தங்களை எப்போது கூப்பிடுவார்கள் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணி மனதிலிருந்துதான் கூப்பிட்டார். அந்த மனதில் யாரும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

"மாடசாமி!"

சத்தம் இல்லை.

"மாடசாமி செத்துப் போயிட்டாரு கங்காணி."

"செத்தா வந்து சொல்றதில்லையா? பேர வச்சுக்கிட்டு நிக்கிறேன்ல."

சனம் சிரித்தது. அடுத்தது பார்வதி. பார்வதி துபாயில் இருக்கிறாள் என்றார்கள். யாரைக் கேட்டுப் போனாள் என்று கங்காணி சத்தம் போட்டார். நீங்கள் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோர்த் தாழ்வாரத்தில் அசையாமல் நின்றீர்கள். உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். ஒருவரும் இல்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "டீச்சர், மணி மட்டும் போதாது. யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிடணும்."

பேர் கூப்பிட்டதும் ஆட்கள் வெளியே வந்ததைப் பார்த்த துரை, இன்னொரு தடவைக்கு இசைந்தார். அடுத்த வாரம் மணி அடித்தது, கல்லில் கங்காணி ஏறினார், சனம் பெரட்டுக்களத்தில் நின்றது. லெச்சுமி அக்காகூட வெறுங்கையோடு நின்றார். கடைசிப் பேர் முடிந்ததும் நீங்கள் போய், "நானும் உள்ளதான் இருந்தேன் கங்காணி. என் பேரக் கூப்பிடலையே" என்றீர்கள். தோட்டத்துப் பேரில் நீங்கள் இல்லையே மாப்பிள்ளை என்றார் அவர். சேர்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். அவர் சேர்த்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டார். "இருக்கேன் கங்காணி" என்று கம்பைத் தூக்கிக் காட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கடைசிப் பேர் உங்களுடையது.

செல்வம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு புது டவலை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் மடியில் போட்டான். "லெச்சுமி அக்கா மறுபடியும் வந்தா ஒதவும் மச்சான்" என்றான். இந்தத் தடவை நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டான்.

அந்த ஸ்டோரில் இன்றுவரை தீப்பிடிக்கவில்லை. தீப்பிடிக்காததற்காக யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை. நீங்களும் எதிர்பார்த்தவர் இல்லை.

போன வருடம் நீங்கள் போனீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பகல் நேரத்தில், என்னிடம் இடியப்பம் கேட்டுவிட்டு. எந்த மணியும் அடிக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு வந்தபோது இடியப்பம் சூடாகத்தான் இருந்தது.

வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்களை வைத்த பெட்டியைத் தூக்குகிற நேரம் வந்தது. முன்கதவு பாதிதான் திறந்தது. தலைமாட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், கால்மாட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்க்கலாமா என்று யோசித்தார்கள். செல்வம் வேர்த்து விறுவிறுத்து நின்றான். லெச்சுமி அக்கா ஒப்பாரியைச் சட்டென்று நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த அலுமாரிய நகத்துங்கப்பா. மனுசன் எத்தன தடவ சொல்லிருப்பாரு" என்றார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, யாரோ என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள்.

அலுமாரியைப் படுக்கையறைக்குள் தள்ளினார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில், அளவெடுத்துச் செய்த மாதிரி அது நின்றது. கதவு சுவர்வரை அகலத் திறந்தது. நீங்கள் உடம்பை ஒடுக்காமல், தாராளமாக வெளியே போனீர்கள். இவ்வளவு காலம் நாம் சண்டை போட்டது எதற்கென்று இன்னும் யோசிக்கிறேன். சண்டை போடத்தான் போலிருக்கிறது.

போன மாதம் ஸ்டோரில் மணி அடித்தது. உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார், அவரும் ஒரு கம்போடு. நானும் போய்ப் பெரட்டுக்களத்தில் நின்றேன். கங்காணிக்கு இப்போது பார்வை மங்கல். இரண்டு பேர் பிடித்துக் கல்லில் ஏற்ற வேண்டும். பேர்கள் மட்டும் ஒன்றும் மங்கவில்லை. மாடசாமியைக் கூப்பிட்டார். செத்துவிட்டார் என்றார்கள். வந்து சொல்வதில்லையா என்று வழக்கம்போல் ஏசினார். பார்வதியும் ஏச்சு வாங்கினாள். செல்வம் குரல் கொடுத்தான். எல்லாம் முடிந்து கடைசியில், நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத உங்கள் பேரைக் கங்காணி உரக்கக் கூப்பிட்டார்.

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சொல்வதாக இல்லை. நான்தான் சொன்னேன்: "அவர் இல்லீங்க கங்காணி."

ஏசுவார் என்று காத்திருந்தேன். சொல்லாமல் போனதற்கு உங்களையும் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் தாயி" என்றார். "இருந்தாலும் கூப்பிடணும்ல."

நேற்று லெச்சுமி அக்காவை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறிப் பேட்டரியை மாற்றினேன். அது பல்லி இல்லை, நீங்கள் மாட்டிய பெட்டி என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. "அப்ப மருமக வரமாட்டாளா டீச்சரம்மா?" என்றார். கட்டாயம் வருவாள் என்றேன். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். அது ஒன்றும் சொல்லவில்லை.

மனதைத் தேற்றுவதற்காக அவருக்குப் பிடித்த கருவாடு பொரித்தேன். புதுப் பேட்டரி அல்லவா, உயிர் போகிற மாதிரி அலறியது. லெச்சுமி அக்கா ஒரே தாவலில் தண்ணீர்க் குடத்தின்மேல் கை வைத்துவிட்டார். நான் ஒரு கையால் அடுப்பை அணைத்து, மறு கையால் அவர் கையைப் பிடித்து, அகலத் திறந்திருந்த முன்கதவு வழியாக இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. 'தப்பு' என்று சொல்ல யாரும் இல்லை. லெச்சுமி அக்கா மட்டும், "கருவாடு கருகிருமே டீச்சரம்மா" என்றார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் வாசல் எங்கே என்று பார்க்கிறேன். கோயில் மண்டபத்தில் பின்கதவை மறைத்திருந்த சோடாப் பெட்டியைப் போன வாரம் நானே நகர்த்தினேன். என்னிடமும் அப்பளம் கேட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பழக்க தோஷம், மன்னிக்க வேண்டும். இன்றைக்கே, பகல் வெளிச்சத்திலேயே, உங்கள் படுக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்காமல் எழுந்து வாசல்வரை நடந்து பாருங்கள். வழியில் கால் எதில் இடிக்கிறதோ, அதை நகர்த்தி வையுங்கள்.